அடையாறும் அதன் வெள்ளமும்: மழைக்காலம் வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையின் அடையாற்றங்கரை வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் சுற்றும்: செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களா, எத்தனை கன அடி? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் ஏரி திறக்கவே இல்லையே என்று நிம்மதியாக இருந்த தெருக்களில்கூடத் தண்ணீர் வந்திருக்கிறது. மண்ணிவாக்கம், முடிச்சூரில் தொடங்கி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்கள், அங்கே வாடகைக்கு வரப் போகிறவர்கள், மனை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அடையாறு செம்பரம்பாக்கம் ஏரியில்தானே தொடங்குகிறது?

இல்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், செய்திகளிலும் அப்படியே வந்துவிடுகிறது. அடையாறு தாம்பரத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கும் ஏரிகளின் உபரிநீரில் பிறக்கிறது. கூடுவாஞ்சேரி பக்கம் நந்திவரம், ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் ஒரு புறம்; மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர், சோமங்கலம் ஏரிகள் இன்னொரு புறம். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலைக்கு வருகிறது. அங்கேதான், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக இறங்கிவரும் செம்பரம்பாக்கம் உபரிநீர்க் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. அதற்கப்புறம் அனகாபுத்தூர், விமான நிலையம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடல். மொத்த நீளம் 42 கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவின் ஆறுகளை வரிசைப்படுத்தினால் பட்டியலில் இடமே கிடைக்காத அளவுக்குச் சின்ன ஆறு.

அப்படியென்றால் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்குவதற்குச் செம்பரம்பாக்கம் காரணம் இல்லையா?

நேரடிக் காரணம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். செம்பரம்பாக்கம் தண்ணீர் ஆற்றில் சேரும் இடம் திருநீர்மலை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன, அதாவது அந்தத் தண்ணீர் சேர்வதற்கு முன்பே ஆறு இந்த ஊர்களைக் கடந்துவிடுகிறது. கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வடிவது மெதுவாகும், அந்த அளவுக்கு மட்டும் தொடர்பு உண்டு.

இந்த ஊர்களை மூழ்கடிப்பது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கலை (உபரிநீர் வெளியேறக் கட்டிய தாழ்வான தடுப்பை) தாண்டி வழியும் தண்ணீர். இந்த ஏரிகளில் பலவற்றுக்குச் செம்பரம்பாக்கம் போலத் திறந்து மூடும் வெள்ள மதகு கிடையாது, ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தானாக வழியும், அவ்வளவுதான். யாரும் திறக்கவில்லை, அதனால் யாரும் அறிவிப்பதும் இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் தண்ணீர் நின்றது. மிக்ஜாமின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது 2015-இல் திறந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏரி திறப்புச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு தடவையும் இந்த ஊர்களுக்கான எச்சரிக்கை கிடைத்திருக்காது.

வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் சாக்கடையாகக் கிடக்கும் ஆற்றில் திடீரென்று அவ்வளவு தண்ணீர் எப்படி வருகிறது?

ஏரிகள் சங்கிலியாக அமைக்கப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு, கடைசியில் ஆற்றுக்கு. பருவமழையின் முதல் சில வாரங்கள் இந்த ஏரிகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் அக்டோபரில் நல்ல மழை பெய்தாலும் ஆறு அமைதியாகத்தான் ஓடும். நவம்பர் கடைசியில் ஏரிகள் எல்லாம் தளும்பி நிற்கும்போது அதே அளவு மழை பெய்தால் ஒரு சொட்டுகூட எங்கேயும் நிற்காது, எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வரும். ஆகவே எவ்வளவு மழை என்று கேட்பதோடு, அந்த மழைக்கு முன்னால் ஏரிகள் எவ்வளவு நிரம்பியிருந்தன என்றும் கேட்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆயக்கட்டு வயல்கள், அதாவது ஏரிப் பாசன வயல்கள், இருந்த வரைக்கும் பெய்த மழையில் ஒரு பகுதி வயலில் நின்றது, மண்ணில் இறங்கியது. அந்த வயல்கள் இப்போது மனைப்பிரிவுகள். கான்கிரீட் தளமும் தார்ச்சாலையும் தண்ணீரை உடனே தள்ளிவிடுகின்றன. வரத்துக் கால்வாய்கள் பல இடங்களில் வீட்டுச் சுவருக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சின்னக் கழிவுநீர்க் கால்வாயாக ஒடுங்கிவிட்டன, சில இடங்களில் காணவே இல்லை. கால்வாயை மூடினாலும் தண்ணீருக்குப் பள்ளம் தெரியும், அது பழைய வழியிலேயே வரும், இப்போது அந்த வழியில் வீடு இருக்கிறது.

2015 டிசம்பரில் உண்மையில் என்ன நடந்தது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

முதலில் நவம்பர். அந்த மாதம் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் மழை. சாதாரணமாக ஒரு முழு வருஷத்துக்கே ஏறக்குறைய 140 செ.மீ.தான். நவம்பர் பாதியிலேயே முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒருமுறை மூழ்கி எழுந்துவிட்டன. மாதக் கடைசியில் தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் தளும்பி நின்றன, மண்ணிலும் இனி இறங்க இடமில்லை.

அப்புறம் டிசம்பர் 1. மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. வானிலைத் துறை 20 செ.மீ.க்கு மேல் போனாலே அதிகனமழை என்கிறது, இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் ஆயிரம் கன அடிக்கும் குறைவாகத் திறந்திருந்த செம்பரம்பாக்கம் அன்று மாலைக்குள் வினாடிக்கு 29,000 கன அடிக்குப் போனது. அந்தத் தண்ணீர் திருநீர்மலையில் வந்து சேர்ந்தபோது ஆறு ஏற்கெனவே மேலேயிருந்து வந்த ஏரித் தண்ணீரால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அனகாபுத்தூரும் மணப்பாக்கமும் நந்தம்பாக்கமும் ஜாபர்கான்பேட்டையும் இரவோடு இரவாக மூழ்கின. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. விமான நிலையத்துக்குள் ஆறு புகுந்து, அது டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்தது. கோட்டூர்புரத்தில் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று கை காட்டினார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை, பால் இல்லை. அந்த நேரத்தில் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக ஆட்களை மீட்டவர்கள் இந்தக் கடற்கரையின் மீனவர்கள். நகரம் அவர்களுக்குப் பட்ட கடன் பெரியது, அது இன்னும் சரியாகத் திருப்பித் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

அது இயற்கைப் பேரிடரா, மனிதத் தவறா?

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் உண்டான பேரிடர் என்றே சொன்னது. செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் திறந்த விதத்தையும் குறை சொன்னது. வரலாறு காணாத மழை, வேறு வழியில்லை என்பது அப்போதைய அரசுத் தரப்பின் வாதம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் கனமழை வரும் என்று தெரிந்த பிறகும் ஏரியில் போதுமான இடம் ஒதுக்காமல் வைத்திருந்ததை இயற்கை மேல் போட முடியாது. அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. மழை வரும் என்று முன்கூட்டியே திறந்துவிட்டு மழை ஏமாற்றினால் அடுத்த கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஜனங்களுக்கு யார் பதில் சொல்வது? 2019 கோடையில் அந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். அதனால்தான் இந்த முடிவை ஒரு இரவில் ஒரு பொறியாளர் தலையில் கட்டாமல், எந்தத் தேதியில் எவ்வளவு இடம் காலியாக வைக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்து, அதை ஜனங்களும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.

கன அடி, டி.எம்.சி. என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். வினாடிக்கு 29,000 கன அடி என்றால் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி; செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி., முழு ஆழம் 24 அடி. வினாடிக்கு 11,500 கன அடி சொச்சம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும்.

மழையையும் இதே கணக்கில் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். தாம்பரத்தில் அன்று பெய்த 49 செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 49 கோடி லிட்டர். அதே மழை 58 சதுர கிலோமீட்டரில் பெய்திருந்தால் அதுவே ஒரு டி.எம்.சி.; அடையாற்றுக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு அதைப்போலப் பல மடங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, ஏரியைத் திறந்ததால் மட்டும்தான் வெள்ளம் என்று சொல்ல மனம் வராது.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீர் ஏன் சீக்கிரம் வடிவதில்லை?

மூன்று காரணங்கள். ஒன்று, சென்னை தட்டை நிலம், ஆற்றுக்குச் சரிவே குறைவு. இரண்டு, முகத்துவாரம். அலைகள் வருஷம் முழுக்க மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் குவிக்கும், ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் அது மேடாகிவிடும். மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து அந்த மணலை வெட்டி வாயைத் திறந்துவிட வேண்டும். நீர்வளத் துறை செய்கிறது, ஆனால் செய்த கொஞ்ச நாளில் மறுபடி மணல் சேரும், அதனால் ஒருமுறை தூர்வாரியதோடு முடிந்தது என்று விட்டுவிட முடியாது. மூன்று, கடலின் ஏற்றம். சென்னையில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் தட்டையான ஆற்றுக்கு அதுவே பெரிய தடை. புயல் கரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால் கடல் மட்டம் இன்னும் உயரும், ஆற்றுத் தண்ணீர் வெளியே போக இடமில்லாமல் பின்னுக்கு நிற்கும். 2023-இல் மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே மெதுவாக நகர்ந்தபோது இந்தத் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. குப்பைமேடாகிக்கொண்டிருந்த உப்பங்கழியை மீட்டு அலையாத்திச் செடிகள் நட்டார்கள், பறவைகள் திரும்பி வந்தன. ஆற்றுக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆற்றின் மேலேயே விமான நிலைய ஓடுபாதை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டிருக்கிறது. தூண்களுக்கு நடுவே தண்ணீர் போக வழி விட்டிருக்கிறார்கள், ஆனால் 2015 மாதிரி வெள்ளத்தில் மிதந்துவரும் மரமும் ஆகாயத்தாமரையும் எந்தப் பாலத்தின் தூணிலும் சிக்கி நிற்கும்.

ஆக்கிரமிப்பை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

யாருடைய ஆக்கிரமிப்பு என்று முதலில் கேளுங்கள். 2015-க்குப் பிறகு சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலை சைதாப்பேட்டையில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பிள்ளைகளுக்குப் பாதியில் பள்ளி மாற்றம். அந்தப் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம்தான். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு தாழ்வான இடத்துக்கு அனுப்பியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கரையில் குடிசை போட்டவரால் ஆறு குறுகியது கொஞ்சம். ஏரி உள்வாயிலும் (தண்ணீர் நிற்கும் பரப்பிலும்) கால்வாய் மேலும் மண் அடித்து மேடாக்கிய பெரிய கட்டடங்களாலும், சாலைக்காகக் குறுக்கே போட்ட கரைகளாலும், ஆற்றின் மேலேயே வந்த ஓடுபாதையாலும் ஏற்பட்ட பாதிப்பு அதைவிடப் பெரிது. 2007-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லோருக்கும் பொது. அது எப்போதும் கரையோரத்து ஓலைக் குடிசையில்தான் முதலில் அமலாகிறது.

2015-க்குப் பிறகு எதுவுமே செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்வது நியாயம் இல்லை. ஆதனூரிலிருந்து கீழே ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள், வரதராஜபுரம் பக்கம் பெரிய மூடுகால்வாய்கள் வந்தன, வெள்ளத்தைப் பிடித்துவைக்க ஒரத்தூரில் நீர்த்தேக்கத் திட்டம் எடுத்தார்கள். அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டம் 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வேலை நடந்த இடங்களில் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது என்று குடியிருப்பவர்களே சொல்கிறார்கள்.

என் குறை வேறு. கரையை உயர்த்தினால் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வராது, சரி. தெருவில் பெய்த மழை ஆற்றுக்குப் போவதும் நின்றுவிடுமே? ஆறு நிரம்பி ஓடும்போது கால்வாய் வாயில் பின்னோக்கி வராமல் தடுக்கும் கதவும், உள்ளே நிற்கும் தண்ணீரை இறைக்க மோட்டாரும் இல்லாத இடத்தில் கரை உயர உயரத் தெரு ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். அப்புறம், செலவில் பெரும்பகுதி ஆற்றுக்குப் போகிறது, மேலே இருக்கும் சின்னச் சின்ன ஏரிகளைத் தூர்வாரி, கலங்கலைச் சரிசெய்து, மழைக்கு முன் இடம் காலியாக வைக்கும் வேலைக்குப் போவது குறைவு. வெள்ளம் தொடங்குவது அங்கேதான்.

வேளச்சேரி வெள்ளமும் அடையாற்றால்தானா?

இல்லை, அது வேறு வடிநிலம். வேளச்சேரி, மடிப்பாக்கம், கிழக்குத் தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கம், சிட்லப்பாக்கம் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. தாம்பரம் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு கதை, கிழக்கே வேறு கதை.

ஆற்றுக்குப் பக்கத்தில் மனையோ வீடோ வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

வெயில் காலத்தில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏப்ரலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ, நல்ல மழை விட்ட மறுநாள் போங்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் பால் போடுகிறவரிடமும் 2015-இல் தண்ணீர் எங்கே வரை வந்தது, 2023-இல் எங்கே வரை வந்தது என்று கேளுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

காகிதத்தில்: வருவாய்த் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்வது) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். உங்கள் மனை பட்டா நிலமாக இருந்தாலும் பக்கத்து எண்கள் வாய்க்கால், ஓடை, ஏரி என்று இருந்தால் அந்த வாய்க்கால் இப்போது நிஜமாகவே தரையில் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். இல்லை என்றால் அது யார் வீட்டுக்குக் கீழேயோ இருக்கிறது. மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்றைக் கேளுங்கள். நிலத்தை எவ்வளவு உயரம் மேடாக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும், அதைச் செய்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். ஒப்புதல் பெற்ற மனை என்பது தண்ணீர் வராத மனை என்று அர்த்தமில்லை. ஒப்புதல் பெற்ற எத்தனையோ தெருக்களில் படகு ஓடியிருக்கிறது.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால் தெருவுக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டே எத்தனையோ வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள்.

ரெட் அலர்ட் என்றால் வெள்ளம் வரும் என்று அர்த்தமா?

அர்த்தமில்லை. பொதுவாக 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யும் வாய்ப்பு இருக்கும்போது கொடுக்கும் எச்சரிக்கை அது, அதுவும் மாவட்டம் முழுமைக்கும். அக்டோபரில் வரும் ரெட் அலர்ட்டையும் டிசம்பரில் வரும் ஆரஞ்சு அலர்ட்டையும் ஒப்பிட்டால், ஏரிகள் நிரம்பிய டிசம்பரின் ஆரஞ்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். செம்பரம்பாக்கம் நீர்மட்டம், இது குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுவது. 22 அடிக்கு மேல் போனால் கவனமாக இருங்கள். தாம்பரம், செம்பரம்பாக்கம் பக்கத்து மழை அளவு. அப்புறம் மேலே இருக்கும் ஏரிகளின் கலங்கல் வழிகிறதா என்பது. இந்தக் கடைசித் தகவல் எந்தத் தளத்திலும் உடனுக்குடன் வராது, ஆதனூர், மணிமங்கலம் பக்கம் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் போனில் கேட்பதுதான் வழி. ஏரி திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப்பெயர்களோடு ஒரு அறிவிப்பு வரும், கடைசியில் “அடையாற்றின் இருபுறமும் உள்ள தாழ்வான பகுதிகள்” என்று ஒரு வரி இருக்கும். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன. ஊர்ப்பெயர் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் வர ஆரம்பித்தால் முதலில் என்ன செய்வது?

மெயின் சுவிட்சை அணையுங்கள், தண்ணீர் போர்டைத் தொடும் முன்னால். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். பல வீடுகளில் முதலில் தண்ணீர் வாசல் வழியாக வராது, கழிவறை வழியாகத்தான் வரும். ஒரு மணல் மூட்டையைக் கழிவறைக் கோப்பைக்குள் வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரம் தாங்கும். மேல் தொட்டியை முன்பே நிரப்பி வையுங்கள், ஏனென்றால் சம்ப்பில் கழிவுநீர் கலந்துவிடும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வீட்டில் இருந்தால் தண்ணீர் தெருமுனைக்கு வந்தவுடனே கிளம்புங்கள், முழங்கால் வரைக்கும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2015-இல் இரவில் ஏறிய வேகம் யாருக்கும் யோசிக்க நேரம் தரவில்லை.

மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இவற்றைக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள், போன் அணைந்துவிடும்.

கார் மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. உள்ளே தண்ணீர் போன எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே உடைந்துவிடும், சாதாரண இன்ஷூரன்ஸ் அதற்குப் பணம் தர மறுக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டை மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டி நிற்கும் இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு?

காலில் சின்னக் காயம் இருந்தாலும் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். காய்ச்சல் வந்தால் வெள்ளத்தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். சம்ப்பையும் கிணற்றையும் முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவரைக்கும் கேன் தண்ணீர் அல்லது நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீர். அலமாரிக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே பாம்பு ஒதுங்கியிருக்கும், கையை விடுமுன் குச்சியால் தட்டுங்கள்.

வீட்டுப் பத்திரம் நனைந்து போயிருந்தால் பதற வேண்டாம், பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். 2015-இல் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா போன்றவற்றுக்குச் சிறப்பு முகாம்களே போட்டார்கள்.

எங்கள் தெருவில் வருஷா வருஷம் தண்ணீர் நிற்கிறது. யாரிடம் போவது?

ஆறும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தது). தெரு மழைநீர் வடிகால் உள்ளாட்சி. நெடுஞ்சாலையோரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறை. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், ஆற்றைத் தாண்டினால் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், பக்கத்தில் தாம்பரம் மாநகராட்சி. ஒரே தண்ணீருக்கு இத்தனை அலுவலகங்கள், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அதனால் மனுவில் ஒரே துறையின் பெயரை எழுதாமல், தண்ணீர் எந்த ஏரியில் வழிந்து எந்தக் கால்வாய் வழியாக வந்து எந்தச் சர்வே எண்ணில் தடைபடுகிறது என்று வரைபடத்தோடு எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இரண்டு மாவட்டத்து நலச்சங்கங்களும் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

நேரமும் முக்கியம். அக்டோபரில் கொடுக்கும் மனுவுக்கு மோட்டார் பம்ப் வரும், கால்வாய் வராது. ஊராட்சியாக இருந்தால் மே 1 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஆகஸ்ட் 15 கிராம சபையில் அது என்ன ஆயிற்று என்று எழுந்து கேளுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.